48 மணி நேரம், எந்த மணியிலிருந்து?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தம் பழைய வீட்டின் ஐந்து அறைகளை விருந்தினருக்கு விட்டுவருகிறார். அந்த வீட்டின் இணையதளத்தையும் மின்னஞ்சலையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு நான் பராமரிக்கிறேன். முன்பதிவுத் தளங்களுக்குக் கமிஷன் கொடுக்க அவருக்கு மனமில்லை. அதனால் அறை கேட்பவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் கேட்பார்கள். அவரும் விடைத்தாள் திருத்திய அதே ஒழுங்கோடு அன்றைக்கே பதில் எழுதிவிடுவார். 2024 மே 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு, அவருடைய சர்வரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்து, கோடை விடுமுறையில் நாளுக்கு ஏழெட்டு வரும் கடிதங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிட்டன என்றார். இணையப் பெயருக்குரிய சர்வர் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் செய்த மாற்றம் உலகெங்கும் பரவ 48 மணி நேரம் ஆகும், அதற்குள் சரியாகிவிடும் என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் அழைத்தார். குரலில் கோபம் இல்லை; கணக்கில் ஒரு படி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டும் தொனிதான் இருந்தது. "நாப்பத்தெட்டு மணி நேரம்னு சொன்னீங்க தம்பி. அது எந்த மணியிலேர்ந்து?"

"நான் மாத்தின நேரத்திலேர்ந்து அம்மா" என்று சொல்லிவைத்தேன். சொல்லும்போதே அது பதில் அல்ல என்று எனக்குத் தெரியும். டொமைன் ஒன்றின், அதாவது இணையப் பெயர் ஒன்றின், பதிவை மாற்றினால் அது எங்கும் பரவுவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு யாரும் ஊர் ஊராகப் போவதில்லை. பயனர்களுக்காக முகவரி தேடித் தரும் ரிசால்வர்கள் தேவைப்படும்போது வந்து கேட்கின்றன; கேட்டதை டிடிஎல், அதாவது பதிவோடு வரும் ஆயுள் காலம், தீரும் வரை நினைவில் வைத்திருந்து பிறகு மறந்துவிடுகின்றன. ஆகவே பொதுவான கடிகாரம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ரிசால்வருக்கும் அது கடைசியாகக் கேட்ட நொடியில் ஓடத் தொடங்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. 48 என்ற எண்ணுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. டாட் காம் என்று முடியும் பெயர்களின் பட்டியலான டாட் காம் மண்டலம் தரும் நேம்சர்வர் பதிவுகளின் (ஒரு டொமைனின் விவரங்களை எந்தச் சர்வரிடம் கேட்க வேண்டும் என்று சொல்பவை) டிடிஎல் 172800 நொடிகள், அதாவது சரியாக இரண்டு நாள். போதாததற்கு, 2004 செப்டம்பர் வரை அந்த மண்டலமே நாளுக்கு இரண்டு முறைதான் புதுப்பிக்கப்பட்டது. இப்போது நாம் செய்யும் மாற்றம் சில நிமிடங்களில் அங்கே ஏறிவிடுகிறது. அந்தக் காலத்துத் தாமதம் போய்விட்டாலும், "ரெண்டு நாள் பொறுங்க" என்ற வாய்ப்பாடு எங்கள் தொழிலில் தங்கிவிட்டது. வாடிக்கையாளரை அமைதிப்படுத்த அதைவிட வசதியான வாக்கியம் கிடையாது. அதைச் சொன்னதும் தேட வேண்டிய கடமை நம் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

அந்த டொமைனின் நேம்சர்வர்கள் அதே டொமைனின் பெயரிலேயே இருந்தன: என்எஸ்1, என்எஸ்2. வாடிக்கையாளர் பெயரில் நேம்சர்வர் வைத்துக்கொடுப்பது ஒரு காலத்தில் எங்களுக்குள் கௌரவமாகக் கருதப்பட்டது. அதில் ஒரு சிக்கல் உண்டு. டொமைனைப் பற்றி அறிய என்எஸ்1ஐக் கேட்க வேண்டும். என்எஸ்1 எங்கே இருக்கிறது என்று அறிய அந்த டொமைனையே கேட்க வேண்டும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகத் தாய் மண்டலமான டாட் காம் நேம்சர்வரின் பெயரோடு அதன் ஐபி முகவரியையும் சேர்த்துச் சொல்கிறது. 1987இல் வந்த ஆர்எஃப்சி 1034 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறை ஆவணம்) அதை க்ளூ, அதாவது பசை, என்று அழைக்கிறது. அந்தப் பசையை நாம் நம் சர்வரில் எழுதுவதில்லை. டொமைன் பதிவாளரின் கணக்கில், ஹோஸ்ட் ரெக்கார்டு என்ற பக்கத்தில் எழுதுகிறோம். வேறொன்றையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நேம்சர்வர்களை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வலையமைப்புகளில் வைக்கச் சொல்லி 1997இலேயே ஆர்எஃப்சி 2182 வந்துவிட்டது. என் என்எஸ்1உம் என்எஸ்2உம் ஒரே இயந்திரத்தின் இரண்டு முகவரிகள். பழைய இயந்திரத்தில் 17, 18 என்று முடிந்தவை. புதியதில் 72, 73 என்று முடிபவை. ஐந்து அறை வீட்டுக்கு இரண்டு சர்வர் வைக்கக் கட்டுப்படியாகாது என்பதைத் தவிர இதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

பெயரைச் சொல்லிக் கேட்ட பிழை

அம்மாவின் கேள்வி உறுத்தியதால் செவ்வாய்க்கிழமை நண்பகலில் உட்கார்ந்து சோதித்தேன். டிஎன்எஸ் விவரம் கேட்க உதவும் டிக் கட்டளையில் என்எஸ்1இடம் கேட்டேன். புதிய முகவரி வந்தது. என்எஸ்2இடம் கேட்டேன், அதுவும் புதிய முகவரியைத் தந்தது. இரண்டிலும் எஸ்ஓஏ வரிசை எண், அதாவது பதிவுகளின் பதிப்பு எண், 2024050304. டிஎன்எஸ்ஸின் உச்சியான வேரிலிருந்து படிப்படியாக இறங்கிக் காட்டும் டிரேஸ் முறையிலும் ஓட்டிப் பார்த்தேன். கடைசி வரியில், 73 என்று முடியும் முகவரியிலிருந்து பதில் வந்ததாகவும், பக்கத்தில் என்எஸ்2 என்றும் இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது. கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8இடம் ஆறு தடவை கேட்டதில் ஒரு தடவை மட்டும் பழைய இயந்திரத்தின் முகவரி வந்தது. அங்கே பல இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம். ஏதோ ஒன்றில் பழையது மிச்சம் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, இந்த வாரம் கடிதங்களே குறைவாக வருகின்றனவோ என்னவோ என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் "சரி தம்பி" என்றார். அந்தச் "சரி"யில் நம்பிக்கை அவ்வளவாக இல்லை.

சனிக்கிழமை, மே 11. கத்திரி வெயிலில், மதியம் ஒரு மணிக்கு, கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் இரண்டு குழந்தைகளோடு அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. அறை இல்லை. இரண்டு நாளுக்கு ஓர் அறை வேண்டும் என்று எழுதி, முன்பு தங்கிய பழக்கத்தில் பதிலுக்குக் காத்திராமல் புறப்பட்டிருக்கிறார்கள். அனுப்பிய கடிதத்தைக் கைப்பேசியில் காட்டியிருக்கிறார்கள். திரும்பி வரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, மூன்று தெரு சுற்றி விசாரித்து வேறு இடம் பிடித்துக்கொடுத்துவிட்டு, பிறகுதான் என்னை அழைத்தார். "அவங்க பொய் சொல்லலை தம்பி. லெட்டர் எங்கேயோ போயிருக்கு." அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று இரவு சாப்பிட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை ஓட்டிய கட்டளைகளை அதே டெர்மினல் சன்னலில் மேலே உருட்டிப் படித்தேன். புதிதாக எதையும் ஓட்டவில்லை; வெறுமனே படித்தேன். 8.8.8.8 தந்த அந்த ஒற்றைப் பழைய பதிலில், முகவரிக்கு முன்னால் 287 என்ற எண் இருந்தது. அது மிச்சமிருக்கும் டிடிஎல். இடமாற்றத்துக்கு முந்தைய நாள், மே 2 அன்று, மாற்றம் சட்டென்று தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாப் பதிவுகளின் டிடிஎல்லையும் 300 நொடியாகக் குறைத்திருந்தேன். 300இல் 287 மிச்சம் என்றால், அந்த ரிசால்வர் அந்தப் பழைய பதிலைப் பதின்மூன்று நொடிகளுக்கு முன்புதான் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறது. நான்கு நாளாக எந்த நினைவகத்திலும் கிடந்து ஊறிய பதில் அல்ல; சுடச்சுட வந்த பதில். எந்த மணியிலிருந்து என்று அம்மா கேட்டதற்கான விடை அந்த வரியிலேயே எழுதப்பட்டிருந்தது, நான்தான் முகவரியை மட்டும் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். பதின்மூன்று நொடிக்கு முன்னாலிருந்து. அப்படியானால் யாரோ ஒருவர் இப்போதும் உயிரோடு உட்கார்ந்து பழைய முகவரியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

டாட் காம் மண்டலத்துக்கு ஏ முதல் எம் வரை 13 நேம்சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் ஏ என்பதிடம், மறுகேள்வி வேண்டாம், உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல் என்ற நிபந்தனையோடு நேரடியாகக் கேட்டேன். அதிகாரபூர்வப் பதில் என்பதைக் குறிக்கும் ஏஏ கொடி இல்லாமல், இவர்களைப் போய்க் கேள் என்ற வழிகாட்டல் மட்டும் வந்தது. அடியில் கூடுதல் பகுதியில் இரண்டே வரிகள். என்எஸ்1, 172800, 72இல் முடியும் முகவரி. என்எஸ்2, 172800, 18இல் முடியும் முகவரி. அந்த 18ஐ ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதிவாளரின் பக்கத்தில் இரண்டு ஹோஸ்ட் பதிவுகளுக்கும் தனித்தனியே சேமிக்கும் பொத்தான் உண்டு. வெள்ளிக்கிழமை இரவு முதலாவதை அழுத்தியவன் இரண்டாவதை அழுத்தாமல் பக்கத்தை மூடியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைச் சோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. என்எஸ்2இடம் கேள் என்று பெயரைச் சொல்லி டிக்குக்கு உத்தரவிட்டால், அந்தப் பெயருக்குரிய முகவரியை அது என் வீட்டு இணைப்பின் ரிசால்வரிடம்தான் கேட்கும். அந்த ரிசால்வர் ஏற்கெனவே புதிய சர்வரைச் சந்தித்துவிட்டது. 73 என்று சொல்லும். நான் இரண்டு கதவைத் தட்டியதாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டின் முன்வாசலையும் பின்வாசலையும் தட்டியிருக்கிறேன். டிரேஸ் முறையும் இதே குழியில்தான் விழுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனது வெட்கம். வேரிலிருந்து இறங்குவதுபோல் காட்டினாலும், வழியில் கிடைக்கும் நேம்சர்வர் பெயர்களின் முகவரிகளைத் தாய் மண்டலம் தந்த பசையிலிருந்து அது எடுப்பதில்லை. உள்ளூர் ரிசால்வரிடமே விசாரித்துக்கொள்கிறது. உலகம் 18க்குப் போய்க்கொண்டிருந்தது. என் சோதனை 73க்குப் போய்விட்டு எல்லாம் சுகம் என்று திரும்பி வந்தது. அன்றிலிருந்து நேம்சர்வரைப் பெயர் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். தாய் மண்டலம் என்ன முகவரி சொல்கிறதோ, அந்த எண்ணையே எழுதி, ஒவ்வொன்றிடமும் எஸ்ஓஏவைக் கேட்கிறேன்.

மே 2இல் நின்றுபோன சர்வர்

18இல் முடியும் முகவரியிடம் எஸ்ஓஏ கேட்டபோது ஏஏ கொடியோடு, கம்பீரமாக, 2024050201 என்று பதில் வந்தது. வரிசை எண்ணைத் தேதியாக எழுதும் பழக்கத்துக்கு அன்று நன்றி சொன்னேன். புதிய சர்வர் மே 3இல் இருந்தது; பழையது மே 2இலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு முழு உலகங்கள், இரண்டும் தமக்குள் முரண்பாடு இல்லாதவை. தாய் மண்டலம் தந்த பசையைவிட நேம்சர்வரே ஏஏ கொடியோடு சொல்வதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று 1997இன் ஆர்எஃப்சி 2181 வரிசைப்படுத்தியிருக்கிறது. அதன்படி, முதலில் 72இடம் போன ரிசால்வர், நேம்சர்வர்கள் 72, 73 என்று கற்றுக்கொண்டு புது உலகத்தில் தங்கிவிடும். முதலில் 18இடம் போனது, நேம்சர்வர்கள் 17, 18 என்று கற்றுக்கொண்டு பழைய உலகத்தில் தங்கிவிடும். தாய் சொன்னதையே பிடித்துக்கொள்ளும் ரிசால்வர்களோ இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். யார் எந்த உலகத்தில் என்பது தாயம் உருட்டியதுபோல். நான் பெருமையாகக் குறைத்துவைத்த 300 நொடி டிடிஎல்லால் ஒரு பயனும் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ரிசால்வர் புதிதாகக் கேட்கிறது, பழைய வாசலில் கேட்டால் பழைய பதிலே புதிதாகக் கிடைக்கிறது. இணையதளம் இரண்டு இயந்திரத்திலும் அச்சாக ஒன்றுபோல் இருந்ததால் பார்க்கிறவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அஞ்சல்தான் இரண்டாகப் பிரிந்தது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. எதற்கும் இருக்கட்டும் என்று பழைய இயந்திரத்தை ஒரு மாதம் ஓடவிட்டேன். அதைப் பொறுப்பான செயல் என்றே நினைத்தேன். அதை அன்றே அணைத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. 18இடம் போகும் ரிசால்வர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, பதில் இல்லையென்று 72இடம் போயிருக்கும். தளம் கொஞ்சம் மெதுவாகத் திறந்திருக்கும், அவ்வளவுதான். இந்த டொமைன் என் பொறுப்பு இல்லை என்று 18 மறுத்திருந்தாலும் அப்படியே. தாய் மண்டலம் சுட்டும் நேம்சர்வர் அந்த டொமைனை அறியாமல் இருப்பதை லேம் டெலிகேஷன் என்பார்கள். 1996இல் ஆர்எஃப்சி 1912 அதைப் பொதுவான பிழைகளில் ஒன்றாக எழுதிவைத்தது. எங்கள் தொழிலில் அதுதான் பெரிய அவமானமாகப் பேசப்படுகிறது. சோதனைக் கருவிகளும் அதைச் சிவப்பில் காட்டுகின்றன. ஆனால் ரிசால்வர்களுக்கு அதைச் சமாளிக்கத் தெரியும். புதுச்சேரியில் வழி கேட்டு நடந்தவர்களுக்கு இது புரியும். "தெரியாதுங்க" என்பவரால் நமக்குக் கேடு இல்லை. அடுத்த கடையில் கேட்டுக்கொள்வோம். துய்ப்ளேக்ஸ் வீதி என்று இருந்த தெருவுக்கு நேரு வீதி என்று பெயர் மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒரு தெருவே இங்கே இல்லையென்று சத்தியம் செய்பவரிடம் மாட்டினால்தான் அலைச்சல். ஏஏ கொடி, இந்த விவரத்துக்கு நான் பொறுப்பு என்று மட்டுமே சொல்கிறது. அது இன்றைய விவரமா, போன வாரத்து விவரமா என்று சொல்ல அதில் இடமில்லை. சந்தேகப்படும் ரிசால்வருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் இல்லை. பதில் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் கையெழுத்து இருந்திருந்தாலும் காலாவதித் தேதி வரும் வரை அந்தப் பழைய பதிலும் செல்லுபடியாகியிருக்கும்.

அணைப்பதா, திருத்துவதா

ஹோஸ்ட் பக்கத்தைத் திறந்து என்எஸ்2க்கு 73ஐ எழுதி, இந்த முறை அந்த வரிக்குரிய பொத்தானை அழுத்தும்போது இரவு 10.45. தாய் மண்டலத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தேன். 10.52க்கு 73 வந்துவிட்டது. அம்மாவின் 48 மணி நேரம் நியாயமாகத் தொடங்கியது அப்போதுதான்; அதற்கு முந்தைய எட்டு நாளும் அந்தக் கணக்கில் சேராது. 10.51க்கு எங்கோ ஒரு ரிசால்வர் பழைய பசையை வாங்கியிருந்தால் திங்கட்கிழமை இரவு 10.51 வரை அதை வைத்துக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. பொது ரிசால்வர் நடத்தும் கூகுளுக்கும் கிளவுட்ஃபிளேருக்கும் நினைவகத்தைத் துடைக்கச் சொல்லும் பக்கங்கள் உள்ளன. இரண்டிலும் டொமைனைக் கொடுத்துத் துடைத்தேன். மற்ற ஆயிரக்கணக்கான ரிசால்வர்களுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. அந்த இரண்டு நாளுக்குப் பழைய இயந்திரத்தை என்ன செய்வது என்று யோசித்தேன். கை அதன் டிஎன்எஸ் சேவையை நிறுத்தத்தான் போனது. அதுவரை ஏமாற்றியதன் மேல் இருந்த கோபம். ஆனால் 17உம் 18உம் மட்டுமே தெரிந்த ரிசால்வர் சில, சுற்றி வந்து தாயிடம் திரும்பக் கேட்கும் வரை எந்த விடையும் இல்லாமல் தவிக்கும். அதைவிட, பழைய இயந்திரத்தின் பதிவுகளைப் புதியதன் பதிவுகளாகவே மாற்றி எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. எழுதி, வரிசை எண்ணை 2024051101 என்று இரண்டு பக்கமும் உயர்த்தினேன். தவறான வாசலில் வந்து கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் சரியான பதில் கிடைக்கும். ஹோஸ்ட் பதிவைத் திருத்தியதைவிட உடனே பலன் தந்தது இந்தத் திருத்தம்தான்.

பழைய அஞ்சல் பெட்டியைத் திறந்தபோது மணி பதினொன்றரை. முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன, ஒன்றும் படிக்கப்படாதவை. கோயம்புத்தூர்க் குடும்பத்தின் கடிதம் மேலிருந்து ஆறாவது. அதற்குக் கீழே, பதில் வராததால் இரண்டாம் முறை எழுதியவர்கள் நான்கு பேர். ஒருவர் மூன்றாம் முறை, தங்களுக்கு ஏதும் உடல்நலக் குறைவா என்று விசாரித்து எழுதியிருந்தார். எல்லாவற்றையும் புதிய பெட்டிக்கு நகர்த்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பேருந்தில் ஆல்பேட்டைப் பாலத்தைத் தாண்டி நேரில் போனேன். தொலைபேசியில் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. நான் ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டதையும், அதன் பிறகு சோதித்த முறையும் தவறாக இருந்ததையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பத்தொரு கடிதத்தையும் தேதி வரிசையில் படித்தார்; மன்னிப்புக் கேட்டு ஒவ்வொருவருக்கும் தனியாகவே எழுதப்போவதாகச் சொன்னார், ஒரே கடிதத்தைப் பிரதி எடுத்து அனுப்பலாம் என்ற என் யோசனையை ஏற்கவில்லை. பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டிப் பக்கம் திரும்பி, "இப்போ சொல்லுங்க, எந்த மணியிலேர்ந்து?" என்றார். நேற்று இரவு பத்து ஐம்பத்திரண்டு என்றேன். திங்கட்கிழமைக் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் 10.52 என்று எழுதி வட்டம் போட்டார்.

திங்கட்கிழமை இரவு சரியாக 10.52க்கு என் கைப்பேசி ஒலித்தது. நானும் பழைய இயந்திரத்தின் வினவல் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை இரவு வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒன்று, இருபது நிமிடத்துக்கு ஒன்று. "மணி ஆயிடுச்சு தம்பி, முடிஞ்சுதா?" என்றார். பெரும்பாலும் முடிந்தது, இன்னும் ஒன்றிரண்டு பேர் பழைய வாசலிலேயே வந்து கேட்கிறார்கள் என்றேன்.

"யாரு அது?"

"தெரியலைம்மா. எங்கேயோ இருக்கிற ரிசால்வர். கணக்குப்படி மறந்திருக்கணும், மறக்கலை."

"வந்து கேக்கறவங்களுக்கு இப்போ சரியான விலாசத்தைத்தானே சொல்லுது, உங்க பழைய மெஷின்?"

"ஆமாம்மா."

"அப்போ இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும். நீங்க போய்ப் படுங்க."